தேதி போடாத லீவு லெட்டர்

என் சட்டைப் பையில் மூன்று வாரமாக ஒரு லீவு லெட்டர் கிடந்தது. டிப்போ மேனேஜர் பெயருக்கு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது. "பிரசவத்துக்காக" என்பதற்கும் "தேதி முதல்" என்பதற்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன தேதி போடவேண்டும் என்பது என்னைத் தவிர டிப்போவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டயர் மாற்றுகிறவர், "ஏழு மாசத்தோட இறங்கிடணும்மா" என்றார். டீசல் போடுகிறவர், வலி வருகிறவரைக்கும் ஓட்டலாம், தன் அண்ணி அப்படித்தான் வேலை பார்த்தாள் என்றார். அண்ணிக்கு என்ன வேலை என்று கேட்டேன். வீட்டில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிற வேலையாம். நான் ஓட்டுவது பன்னிரண்டு மீட்டர் நீள பஸ். ஒரு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றுக்குள் இருப்பது கேட்டுவிடுமே என்று விழுங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஒருத்திதான் நியாயமாகப் பேசினாள். "உங்க உடம்பும் குழந்தையும் நல்லா இருக்கு. ஆனா பஸ் ஓட்டுறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்டியரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைத் தூக்கினால் சீட் நகரும். விட்டால் 'டக்' என்று ஒரு பல்லில் மாட்டிக்கொள்ளும். மொத்தம் பதினோரு பல். ஆறு வருடமாக நான் நாலாவது பல்லில் ஓட்டியவள். வயிறு ஸ்டியரிங்கைத் தொடப்போகிறது என்று தோன்றும்போதெல்லாம் ஒரு பல் பின்னால் தள்ளினேன். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் என் மூடிய கை நுழையவேண்டும், அதுதான் கணக்கு. ஐந்து, ஆறு, ஏழு என்று போய் இப்போது ஒன்பதில் நின்றது. இரண்டு வாரத்துக்கு ஒரு பல். அப்படியானால் பதினோராவது பல் தீர்வதற்குள் பதினான்காம் தேதி வந்துவிடும். பதினைந்தாம் தேதி லீவு. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்; லெட்டரில் எழுத மட்டும் கை வரவில்லை.

பதினான்காம் தேதியில் அப்படி என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? எங்கள் ஆற்றின் மேல் புதுப் பாலம் திறக்கிற நாள். இருபத்தொன்றாம் நம்பர் என்று புது ரூட். அதன் முதல் ட்ரிப் என்னுடையது. நோட்டீஸ் போர்டில் என் பெயர் ஏறியிருந்தது. அக்கரையில், கடைசி ஸ்டாப்புக்கு எதிர்த் தெருவில், என் அம்மா இருக்கிறாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. இதுவரை அவளைப் பார்க்கவேண்டுமென்றால் ஒரு பஸ், பிறகு படகுத்துறையில் வரிசை, பிறகு இன்னொரு பஸ், ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். பாலம் வந்தால் இருபது நிமிடம். பெற்ற மகள் ஆறு வருடமாக ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறாள், அம்மா மட்டும் ஒருநாள்கூட என் பஸ்ஸில் ஏறியதில்லை. என் பஸ் அவள் பக்கம் போனதே இல்லை, அவ்வளவுதான் காரணம்.

போனில் சேதி சொன்னபோது அவள் போட்ட சத்தத்தில் என் காது அடைத்தது. "முதல் பஸ்ஸா? நீயா? வயித்துல பிள்ளையோடயா? இரு, இரு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்." போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பல் தேய்க்கும்போதுகூடப் பாலத்தின் வளைவில் எந்த கியர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். என் யூனிஃபார்ம் சட்டையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பெரிதாக்குவது அவர் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை என் வயிற்றைச் சுற்றிப் போட்டவர், டேப்பிலிருந்த எண்ணை இரண்டு தரம் பார்த்தார்.

"என்னங்க? டேப் பத்தலையா?"

"டேப் பத்தும். சட்டைத் துணியில இன்னும் ரெண்டு இஞ்ச் எடுத்துவிட இடம் இருக்கு. உன் சீட்டுல எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு பல் இருக்கு."

"நான் உடுப்பை இடுப்புல பெரிசாக்கினா கை நீளத்தையும் பார்ப்பேன். ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு மாறும்."

"உங்க தையல் மெஷினை நீங்க பாருங்க, என் பஸ்ஸை நான் பார்த்துக்கறேன்" என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோத்தார். மறுநாள் திங்கட்கிழமை காலையில் பத்தாவது பல்லுக்குப் போனேன்.

என் எட்டாம் நம்பர் ரூட்டில் மருந்துக்கடை ஸ்டாப் என்று ஒன்று. அங்கே தினமும் எட்டு ஐந்துக்கு ஒருவர் ஏறுவார். கண் பார்வை இல்லாதவர். குடிநீர் அலுவலகத்தில் போனில் புகார் கேட்கும் வேலை. ஊரில் எவன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றாலும் இவர் காதில்தான் கத்துவான். ஆனால் இவர் யாரிடமும் எதற்கும் முணுமுணுத்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவருக்கு நான் புகார்க்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். விளக்குக் கம்பத்திலிருந்து நாலாவது கல்லில் நிற்பார். என் முன்கதவு அந்தக் கல்லுக்கு நேராகத் திறக்கும். அவர் கையை நீட்டித் தடவமாட்டார். சத்தம் கேட்டதும் காலைத் தூக்கி வைப்பார், படி அங்கே இருக்கும். ஆறு வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை. யார் என்ன விருது கொடுத்தாலும் எனக்கு இதற்கு ஈடாகாது.

அந்தத் திங்கட்கிழமை மருந்துக்கடை போர்டு வந்ததும் எப்போதும்போல பிரேக்கை மிதித்தேன். பஸ் நின்றது. கதவைத் திறந்தேன். யாரும் ஏறவில்லை.

பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். புகார்க்காரர் தன் கல்லில் நின்று காலைத் தூக்கிவிட்டு, படி கிடைக்காமல், தடுமாறிப் பின்னால் வைத்தார். பிறகு கையை நீட்டினார். என் பஸ்ஸின் தகரத்தைத் தடவிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, முன்னால் வந்தார். நாலடி. ஒரு பெண் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஏறியவர் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"டிரைவரம்மா இன்னைக்கு லீவுங்களா? நீங்க புதுசா வந்திருக்கீங்களா? புகார் சொல்லல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

குனிந்து என் காலைப் பார்க்கலாமென்றால் வயிறு மறைத்தது. மெல்லப் பிரேக்கை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். குதிகால் தரையில் இல்லை. பாதம் பெடலில் இல்லை. கட்டை விரலும் அதற்குப் பக்கத்து விரலும் மட்டும்தான் எட்டிக்கொண்டிருந்தன. வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் கை நுழைகிறதா என்று இத்தனை வாரமாக அளந்தவள், பின்னால் போகிற சீட்டோடு என் காலும் பின்னால் போகிறது என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. தள்ளி நின்றால் கரண்டி எட்டாது என்று தெரிந்த, அடுப்படியில் இருக்கிற எந்தப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்யமாட்டாள்; ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பார்க்காத டிரைவர் கழுதைதான் செய்யும்.

இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டிப்போவுக்குப் போன் செய்தேன். வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "என்ன ஆச்சு, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். எழுந்து திரும்பி நின்றேன். என் வயிற்றைப் பார்த்ததும் பஸ் மொத்தமும் கப்சிப்.

"நான்தான் சார் ஓட்டினேன்" என்றேன் புகார்க்காரரிடம். "பிரேக் எட்டல. வயித்துல குழந்தை. சீட்டைத் தள்ளித் தள்ளி..."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! வாயெல்லாம் சிரிப்பு. "குழந்தையா? அட, இத்தனை நாளா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே! அதானே பார்த்தேன். உங்க குரல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி போயிட்டே இருந்துச்சு. என் காதுலதான் கோளாறுன்னு நினைச்சு டாக்டர்கிட்டப் போகவிருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்ப லீவு?"

"அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மாற்று டிரைவராக வந்தவன் ஹாரன். நாய்க்கும் ஹாரன் அடிப்பான், நிழலுக்கும் ஹாரன் அடிப்பான், அதனால் அந்தப் பெயர். இருபத்தொன்றாம் ரூட்டின் முதல் ட்ரிப்புக்கு என்னோடு போட்டி போட்டுத் தோற்றவன். அவனே வந்து என் சீட்டை டக் டக் என்று முன்னால் இழுத்து உட்கார்ந்தபோது எனக்கு வயிறெரிந்தது. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அதில் இன்னும் எரிந்தது.

டிப்போவில் மேனேஜர் முன்னால் போய் நின்று, மூச்சு விடாமல் சொன்னேன். "சார், இனிமே நான் வண்டி எடுக்கல. பதினாலாம் தேதி ட்ரிப்பை ஹாரனுக்கு மாத்திடுங்க." சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் முட்டியது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்மா. நீ சண்டைக்கு வருவேன்னு தள்ளிப் போட்டுட்டேன். தப்பு என்மேலயும் இருக்கு. லெட்டர் வச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தேன். காலி இடத்தைப் பார்த்தார்.

"நாளையிலிருந்துன்னு போட்டா நாளையிலிருந்து லீவு. இல்ல, உடம்புக்கு முடியும்னா, கீழ ஒரு வேலை இருக்கு. புது ரூட்ல ஒன்பது ஸ்டாப். கம்பத்தை நட்டுட்டுப் போயிட்டாங்க. பஸ் எங்க நிக்கணும்னு கோடு இல்ல. போடணும்."

"கோடு போடுற வேலையா? எனக்கா? ஒரு ஸ்டூலையும் போட்டுக் குடுங்க, உக்காந்து வாசல்ல கோலம் போடறேன்!"

"கத்தாத. போய்ப் பார்த்துட்டு வந்து கத்து."

போய்ப் பார்த்தேன். அடப்பாவிகளா! மூன்றாவது ஸ்டாப்பில் கம்பத்துக்கு நேராக நிறுத்தினால் முன்கதவு சாக்கடை மூடிக்கு மேல் திறக்கும். ஐந்தாவதில் குப்பைத்தொட்டி. ஏழாவதில் மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிற பள்ளம். கம்பத்தை நட்டவன் பிறந்ததிலிருந்து பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டான். எனக்கு வந்த கோபத்தில் அழுகை போன இடம் தெரியவில்லை. லெட்டரை மறுபடி பையில் செருகிக்கொண்டு, மறுநாளே சாக்பீஸோடு கிளம்பினேன்.

அடுத்த பதினோரு நாள் மாதிரி என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வேலை பார்த்ததில்லை. காலையில் இரண்டு மணி நேரம்தான். ஹாரன் காலி பஸ்ஸைக் கொண்டுவருவான்; திறக்காத பாலத்தில் எங்களுக்கு மட்டும் அனுமதி. நான் ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். "இன்னும் வா, வா, இன்னும் ஓரடி, ஏய் நில்லு! சொன்னா சொன்ன இடத்துல நிக்க மாட்டியா?"

"அக்கா, நீங்க உள்ள உக்காந்து ஓட்டினதைவிட வெளிய நின்னு அதிகமா ஓட்டுறீங்க!" என்று ஜன்னல் வழியாகக் கத்துவான். கதவு எங்கே திறக்கிறதோ அங்கே நானே நின்று பார்ப்பேன். குழந்தையோடு இறங்கினால் நிழல் இருக்குமா, பையோடு ஏறினால் இடிக்காமல் போகலாமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் சாக்பீஸால் கோடு கிழிப்பேன். பெயிண்ட் அடிக்க ஓர் ஆளைக் கொடுத்திருந்தார்கள். அவர் பின்னாலேயே வந்து மஞ்சள் கோடு போட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை புகார்க்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கோட்டின் மேல் தன் வெள்ளைக் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்களுக்குத்தான் கோடு. எனக்கு வெறும் தரை" என்றார். பெயிண்டில் மணலைக் கலந்து அடித்தோம். காய்ந்ததும் கோலை இழுத்துப் பார்த்தார். 'சர்ர்' என்று சொரசொரத்தது. "இப்ப எனக்கும் கோடு" என்று அங்கேயே நின்று நாலு தரம் இழுத்துப் பார்த்தார். என் வயிற்றுக்குள்ளேயிருந்து ஓர் உதை வந்தது.

ஒன்பதாவது ஸ்டாப்பின் கோட்டை நானே போடுவேன் என்று அடம் பிடித்தேன். என் வீட்டுக்காரர் பிரஷ்ஷை ஒரு நீளக் கம்பில் கட்டிக் கொடுத்தார், குனியாமல் அடிக்க. அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். ஏனென்றால் அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மகள்தான் ஓட்டிவருவாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். ஒவ்வொரு நாளும் போனை எடுப்பேன், அவள் "என்ன கலர் பஸ்டி?" என்று ஆரம்பிப்பாள், "நீலம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

பதினான்காம் தேதி வந்தது. காலை பத்து மணி. பாலத்தின் முன்னால் ஒரே கூட்டம். பஸ் பளபளவென்று நின்றது. ஹாரன் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு முடியையெல்லாம் படிய வாரியிருந்தான். நான் யூனிஃபார்மிலேயே போய்ப் பயணிகள் பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர். எங்களுக்குப் பின்னால் லீவு போட்டுவிட்டு வந்த புகார்க்காரர். "எங்கம்மாவுக்குத் தெரியாது" என்றேன் வீட்டுக்காரரிடம். "தெரியும்போது பார்த்துக்கலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் பாலத்தில் ஏறியது. ஆறு அகலமாக, அடியில், வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. பஸ்ஸில் எல்லோரும் "ஓ"வென்று கத்தினார்கள். நானும் கத்தினேன். வளைவில் என் வலது கால் தானாக பிரேக் மிதித்தது, வெறும் தரையில். "மெதுவா, மெதுவா" என்றேன். "அக்கா, தெரியும்!" என்றான் ஹாரன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் என் கோட்டில் நின்றான். ஒரு விரற்கடை முன்னால் இல்லை, பின்னால் இல்லை. எட்டு ஸ்டாப் முடிந்தது.

ஒன்பதாவது ஸ்டாப்பில் தெருவே நின்றது. துணி வெளுக்கும் இடத்துப் பெண்கள் வேலை உடுப்போடு வந்திருந்தார்கள். முன்னால் என் அம்மா. நல்ல உடுப்பு உடுத்தி, டிரைவர் ஜன்னலையே பார்த்துக் கையை வேகவேகமாக ஆட்டினாள். பஸ் நெருங்கியது. ஜன்னலில் ஹாரனின் மீசை தெரிந்திருக்கும். ஆட்டிய கை பாதியில் நின்றது. பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்க, அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு கணம் எனக்கு உயிரே போயிற்று. யாருக்காக ஓட்ட ஆசைப்பட்டேனோ அவளையே நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன்.

பஸ் நின்றது. கதவு அவளுக்கு நேராகத் திறந்தது. படியில் நான் நின்றேன்.

"நீ ஓட்டலையா?"

"ஓட்டலம்மா. பிரேக் எட்டல. சொல்ல வாய் வரல."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். அதற்குள் ஹாரன் சீட்டிலிருந்து எக்கிக் கத்தினான், ஹாரனே தேவையில்லாத குரலில்: "அம்மா! வண்டிதான் நான் ஓட்டினேன். நிக்கிற இடமெல்லாம் உங்க பொண்ணு கிழிச்ச கோடு! கீழ பாருங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, நாளைக்கு யார் ஓட்டிட்டு வந்தாலும் அந்தக் கோட்டுலதான் நிறுத்தணும். இல்லைன்னா மேனேஜர் தோலை உரிச்சிடுவார்!"

அம்மா குனிந்து பார்த்தாள். அவள் செருப்பு நுனியிலிருந்து மஞ்சள் கோடு ஆரம்பித்தது. பெண்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது நீ போட்டதா?"

"நானே போட்டதும்மா."

"கோணலா இருக்கேடி."

"வயிறு மறைச்சிருச்சும்மா!"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தெருவே சிரித்தது. பிறகு அவள் திரும்பி, அந்தப் பெண்களைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "பார்த்துக்கோங்க. நீங்க தினமும் ஏறப்போற இடம், என் பொண்ணு போட்ட கோடு." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து ஏறினாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக என் அம்மா என் பஸ்ஸில் ஏறினாள். அதை வேறொருத்தன் ஓட்டினான் என்பது எனக்கு அப்போது ஞாபகமே இல்லை.

முதல் சீட்டை அவளுக்குக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பின்னால் போய்ப் புகார்க்காரரோடு உட்கார்ந்தார். அம்மா என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "எப்பதான் லீவு போடப்போற? தினமும் இந்த பஸ்ல வந்து உன்னைப் பார்த்துக்கப்போறது நான். எனக்குத் தெரிய வேணாமா?" என்றாள்.

பையிலிருந்து லெட்டரை எடுத்தேன். மூன்று வாரத்தோடு மேலும் இரண்டு வாரம் ஆனதில் மடிப்பெல்லாம் கிழியும் நிலையில் இருந்தது. "ஹாரா, ஒரு பேனா குடு. ஒரு நிமிஷம் நில்லு, எழுதிடறேன்."

"ஒரு நிமிஷம் லேட்டாகும்க்கா."

"லேட்டா? என் ரூட்ல லேட்டா? எடுடா வண்டியை!"

பஸ் கிளம்பியது. அம்மாவின் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் லெட்டரை வைத்து, பாலத்தின் மேல் ஆடிக்கொண்டே பதினைந்து என்று எழுதினேன். ஒன்று சாய்ந்துவிட்டது, ஐந்து கீழே இறங்கிவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "இதுவும் கோணல்தான்" என்றாள்.